பன்னெண்டு அடிக் கதவு

இல்ல தம்பி, அந்தக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். பச்சையும் வேண்டாம், அந்த நீலமும் வேண்டாம். மாதிரி அட்டையப் பைக்குள்ள வைங்க. வெளிய இருந்து பாத்தா உள்ள இருக்கறது தெரியாது, தெரியாதுன்னு மூணு தரம் சொல்லிட்டீக. எல்லாரும் அதத்தான் கேக்காகளா? கேக்கட்டும். எனக்குத் தெரியணும். உள்ள ஒரு ஊக்கு கெடந்தாலும் வெளிய நிக்கிறவுக கண்ணுக்குத் தெரியணும். அப்படி ஒண்ணு உங்க கடையில இருக்கா, இல்ல நான் மதுரைக்குப் போய்க் கேக்கணுமா?

இருக்கா. சும்மா வெள்ளைக் கண்ணாடியா. அதுதான் எல்லாத்துலயும் மட்டமா? மட்டமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதையே எழுதிக்கிடுங்க.

காப்பி ஆறுது பாருங்க. சீனி கம்மின்னாச் சொல்லுங்க, போட்டுத் தாரேன். ராஜபாளையத்துல இருந்து வண்டியிலயேவா வந்தீக? போன்ல பேசுனது உங்க மொதலாளியா? செவத்தப் பாக்க ஆள அனுப்புறேன்னு சொல்லிப் பத்து நாளு. எனக்குத் தெனமும் இதே நெனப்புத்தான். வருவாகளா மாட்டாகளா, வந்தா அளவு தப்பா எடுத்துருவாகளோ, கண்ணாடி வண்டியில வாரப்பயே ஒடஞ்சுருமோன்னு. எதையாவது போட்டு மனசுக்குள்ள உருட்டிக்கிட்டே இருக்கணும் எனக்கு. அது ஒரு சீக்கு. மாத்திரையும் போட்டுப் பாத்தாச்சு.

இந்தச் செவருதான். அந்தப் பலகைக் கதவு இருக்கே, அதப் பேத்து எடுத்துருங்க. இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் கண்ணாடி. டேப்ப நான் புடிக்கேன், நீங்க இழுங்க. பன்னெண்டு அடி வருதா? கால் அடி கூடவா. அத ரெண்டு பக்கமும் சிமிண்டு வச்சுச் சரி பண்ணிக்கிடலாம். ஒயரம் எட்டு. போதும்.

பாதிக் கண்ணாடிய அசையாமப் பதிச்சுட்டு, பாதிய மட்டும் கதவாப் போடலாம்னா சொல்றீக? வேண்டாம் தம்பி. அசையாம இருந்தா அது சன்னலாப் போயிரும். சிரிக்காதீக. எனக்கு இந்தச் செவத்துல சன்னல் வைக்க உரிமை கெடையாது. பத்திரத்துல இருக்கு.

மொதல்ல இது ஒரே வீடு. எங்க வீட்டுக்காரரு மில்லு விட்டுச் சைக்கிள்ல வாரப்ப லாரி அடிச்சுச் செத்துப் போனாரு. இருபத்தோரு வருசம் ஆச்சு. எனக்கு அப்ப இருபத்தாறு. காரியம் முடிஞ்ச கையோட பாகம் பிரிச்சாக. நடுவுல இந்தப் பாதைய விட்டு, கெழக்குப் பாதி எங்க கொழுந்தன் சமுத்திரத்துக்கு, மேக்குப் பாதி எனக்கு. எனக்கு வாசல் அந்தப் பக்கம், கோயிலுக்குப் போற தெருவுல. அவுகளுக்கு வாசல் இந்தப் பாதையில, என் பின்செவத்துக்கு நேர் எதுக்க. எட்டிப் பாருங்க, அந்தப் பச்சை கேட்டுதான். நாலு எட்டு வச்சாப் போயிரலாம். நான் வச்சதில்ல.

பத்திரம் எழுதறப்ப கொழுந்தன் கையெழுத்து மட்டுந்தான் போட்டாரு. அவரு பொண்டாட்டி மாரீஸ்வரி இருக்காளே, அவதான் எழுத்துக்காரரு பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாச் சொன்னா. மேற்படி செவத்துல சன்னல் எதுவும் வைக்கக் கூடாது, போக வர ஒரு கதவு மட்டும் வச்சுக்கிடலாம். அம்புட்டுத்தான். நான் ஆறாப்போட நின்னவ. பேப்பரு படிக்கச் சொன்னா எழுத்துக் கூட்டிக்கிட்டு நிப்பேன். ஆனா அந்தப் பக்கத்த மட்டும் இப்ப கேட்டாலும் பாக்காமச் சொல்லுவேன்.

கதவு எம்புட்டு அகலம்னு அவ எழுதச் சொல்லல தம்பி. கதவுன்னா மூணு அடி தானே, வேற என்ன இருக்கும்னு நெனச்சிருப்பா. எனக்கும் தெரியாது. போன சித்திரையில மில்லுல என்கூட இருந்த மாரிக்கனியக்கா மகன் வீட்டுப் பால்காச்சுக்கு ராஜபாளையம் போனேன். ஹால்ல இருந்து தோட்டத்துக்குப் போற செவரு முழுக்கக் கண்ணாடி. நான் செவருன்னு நெனச்சேன். அந்தப் பையன் வந்து ஒரு விரலால தள்ளுறான், செவரு போகுது. இது என்னய்யான்னு கேட்டேன். கதவு சித்தின்னான். எல்லாரும் அடுப்படியப் பாத்தாக, பாத்ரூமப் பாத்தாக. நான் அது முன்னாலயே நின்னேன். சாப்பாட்டுக்குக் கூப்புட்டாக, போகல. மூலையில உங்க கடை பேரு ஒட்டிருந்துச்சு. அந்த நம்பர எழுதி வாங்கிட்டு வந்தேன்.

அதனால எல்லாமே அசையணும். பன்னெண்டு அடியும் கதவா இருக்கணும். நாளைக்கு அவ வக்கீலக் கூட்டிட்டு வந்தா, நான் ஒரு விரலால தள்ளிக் காட்டணும்.

சன்னல் வச்சா அவளுக்கு என்னன்னா? என் மொகம் தெரியுமே. நான் தாலியறுத்தவ இல்லையா. காலையில வாசல்ல எறங்குறப்ப நான் எதுக்க தெரிஞ்சா போற காரியம் விளங்காது. நீங்க என்ன, இப்பத்தான் கேக்கற மாதிரிப் பாக்கீக. உங்க பேரு என்ன சொன்னீக? ஜோயலா. ஓ. உங்க ஆளுகள்ல இது கெடையாதாமே. மில்லுல பரிபூரணம்னு ஒருத்தி என்கூட ஸ்பின்னிங்ல நின்னா. அவளும் புருசன் இல்லாதவதான். மகன் கல்யாணத்துல கோயில்ல முன் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன்னு சொன்னா. நான் நம்பல. பொறவு பிள்ளைக நல்லா இருக்காகளான்னு கேட்டேன். ரெண்டு பேரன்னு சொன்னா.

உங்க அம்மா இருக்காகளா? அப்பா? இல்லையா. எத்தனை வருசம்? உங்க கல்யாணத்துல அம்மா எங்க நின்னாக?

பக்கத்துலயா. ம்.

எங்களுக்கு ஒரு டம்ளரு உண்டு தம்பி. எவர்சில்வரு. அவுக வீட்டுல யாராவது வெளிய கெளம்புறப்ப, மாரீஸ்வரி அந்தக் கேட்டுல டம்ளர வச்சு டங்கு டங்கு டங்குனு மூணு தட்டுத் தட்டுவா. கதவ அடையின்னு அர்த்தம். கொழுந்தன் வேலைக்குப் போனா மூணு தட்டு. பிள்ளை பரிச்சைக்குப் போனா மூணு தட்டு. வண்டி வாங்குன அன்னைக்கு, ஆண்டாள் கோயில் தேருக்குப் போறப்ப, பேங்குக்கு நகையத் திருப்பப் போறப்ப. வைக்கப் போனா தட்ட மாட்டா. அவுக வீட்டுல ஒரு வெள்ளை நாய் இருந்துச்சு, உங்க ஊரு நாய்தான். அதக் கூட ராஜா, உள்ள வாடான்னு பேரச் சொல்லித்தான் கூப்புடுவா. எனக்கு டம்ளரு.

சண்டையா? நான் போடல. அடச்சேன். கையில இட்லி மாவு இருந்தா முழங்கையால தள்ளி அடச்சேன். குளிச்சுட்டு ஈரத்தோட ஓடி வந்து அடச்சிருக்கேன். நானும் நம்புனேன்ல தம்பி. ஆளுக்கு ஆள் சொன்னா நம்பத்தான செய்வோம். என் மூஞ்சியில என்னமோ இருக்கு, ஒரு மனுசனத் தின்னுருச்சு, இன்னும் யாரையும் தின்னுரக் கூடாதுன்னு.

பொறவு ஒரு நா உக்காந்து யோசிச்சேன். கொழுந்தன் வண்டியில இருந்து விழுந்து கால ஒடிச்சாரே, அன்னைக்கு நான் ஊருலயே இல்ல. வத்திராயிருப்புல எங்க அண்ணன் வீட்டுல மாங்கா ஊறுகா போட்டுக்கிட்டு இருந்தேன். அவுக பசு செத்துச்சு, அன்னைக்கெல்லாம் கதவு இறுக்கி அடச்சுக் கெடந்துச்சு. மாரீஸ்வரி வயித்து வலின்னு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப நாலு தட்டுத் தட்டினா, காவலுக்கு ஒண்ணு சேத்து. போயிக் கர்ப்பப்பைய எடுத்துட்டுத்தான் வந்தா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாவந்தான். வாயில சேலைய வச்சு அமுக்கிக்கிட்டு சிரிச்சேன்.

அட, மலைய விடுங்க. மேக்கப் பாத்துப் போட்டா மலை தெரியும், காத்து வரும்னு சொல்றீக. தெரியட்டும். பொறந்ததுல இருந்து அந்த மலை அங்கதான் கெடக்கு, நான் அதப் பாத்து என்ன செய்யப் போறேன். கெழக்கப் பாத்த செவத்துலதான் வேணும். காலை வெயிலு மூஞ்சியில அடிக்குமா? அடிக்கட்டும்.

இப்ப சொல்லுங்க, தள்ளுற கதவா, மடக்குற கதவா? மடக்குனா மொத்தமும் ஒரு ஓரமாப் போயி ஒதுங்கிக்கிடும், பன்னெண்டு அடியும் தெறந்து கெடக்குமாக்கும். நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு பலகைன்னு சொல்றீகளே, கம்பி எங்கெங்க வரும்? மூணாவது அடி, ஆறாவது அடி, ஒம்பதாவது அடி. அப்ப ஆகாது. ஆறாவது அடியில கம்பி வரக் கூடாது. தரையில சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கேன் பாருங்க, மிதிச்சுட்டீக. அங்கதான் நாற்காலி. நான் உக்காந்தா மூஞ்சிக்கு நேரா கம்பி நிக்கும்.

தள்ளுறதுல மூணு பலகை போட்டா? நாலாவது அடியில ஒரு கம்பி, எட்டாவது அடியில ஒரு கம்பி. நடுப்பலகை முழுசும் எனக்கு. மூணும் தள்ளுமா? மூணு தண்டவாளமா? அப்ப அதுதான். முடிஞ்சு போச்சு. இத எழுதிக்கிடுங்க, பொறவு மாத்திறாதீக.

ஒரே நேரத்துல மூணுல ரெண்டு பங்குதான் தெறக்கும்னா பரவால்ல. தெறக்க முடியணும், அம்புட்டுத்தான். தெறக்கணும்னு இல்ல.

கொசுவலை வேண்டாம். வலை போட்டா மங்கலாத் தெரியும். திரைச்சீலைக் கம்பியும் வேண்டாம். ஓசியில தந்தாலும் வேண்டாம். எம்புட்டு கனம் கண்ணாடி? கொரங்கு வரும் இங்க, கூட்டமா எறங்கி வந்து பாத்திரத்த எல்லாம் உருட்டும். கல்லு விழுந்தா தாங்குமா? கொரங்கு கல்லு எறியாது, தெரியும். கொழுந்தனும் எறிய மாட்டாரு, அவருக்குக் கையே தூக்க முடியல. அவ எறிவா. ஒடஞ்சாலும் பொடிப்பொடியாத்தான் உதிருமா, குத்தாதா? சரி. அந்தப் பன்னெண்டு எம்எம்மே போடுங்க. பணத்துக்கு யோசிக்காதீக, மில்லுல இருந்து வந்தது பேங்குல அப்படியே கெடக்கு. எனக்கென்ன, நகை வாங்கிப் போட்டுக்கிட்டு தேரு இழுக்கவா போறேன்.

எனக்கு நாள்தான் முக்கியம். ஆவணி இருவத்தஞ்சுக்கு முன்னால மாட்டிரணும். இன்னும் இருவத்தெட்டு நாளு இருக்கு. கண்ணாடி வெட்டி வாரதுக்கே பதினஞ்சு நாளா? எங்க இருந்து வருது? என்னமோ செய்யுங்க. இருவத்தஞ்சாந் தேதி கண்ணாடி இங்க நிக்கணும். இருவத்தாறு மாட்டுனா எனக்குத் தேவையில்ல, எடுத்துட்டுப் போயிருங்க.

அன்னைக்கு எதுக்க கல்யாணம். அவுக வீட்டுல ஒரே பொண்ணு, பாண்டிசெல்வி. டீச்சருக்குப் படிச்சிருக்கு. மாப்பிள்ளை கான்சாபுரம், பட்டாளத்துல இருக்கான். ஏழு மணிக்குள்ள முகூர்த்தம், விடிய அஞ்சு மணிக்கே பொண்ண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறாக. இந்தப் பாதைக்குள்ள காரு வராது தம்பி. ரெண்டு பக்கமும் இடிக்கும். தெருமொனையிலதான் நிக்கும். பொண்ணு அந்த வாசல்ல எறங்கி, இப்படித் திரும்பி, இந்தச் செவத்த ஒட்டித்தான் நடக்கணும். வேற வழி கெடையாது. பன்னெண்டு அடி. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நடந்தா எட்டு எட்டு, ஒம்பது எட்டு வரும். நான் நடந்து பாத்துட்டேன்.

நான் அங்க உக்காந்திருப்பேன். அம்புட்டுத்தான். எந்திரிக்க மாட்டேன், பேச மாட்டேன், அழ மாட்டேன். மண்ண வாரித் தூத்த மாட்டேன். என் வீட்டுக்குள்ள, என் நாற்காலியில உக்காந்திருப்பேன். அது குத்தமா? எந்தப் பத்திரத்துல இருக்கு?

என்ன தம்பி, பேனாவ மூடிட்டீக.

அந்தப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுச்சுன்னு கேக்கீகளா. ஒண்ணும் செய்யல. நல்ல பிள்ளை. யாரு மனசும் நோக ஒரு சொல்லு சொல்லாது. கல்யாணத்தன்னைக்கு ஒரு பிள்ளைய இப்படிப் பயமுறுத்தணுமான்னா, பயந்தாப் பயப்படட்டுமே. நான் இருபத்தோரு வருசம் என் மூஞ்சிக்குப் பயந்தேன். அது ஒம்பது எட்டு பயந்தாப் போதும்.

நீங்கதான் இதெல்லாம் நம்பாத ஆளாச்சே. உங்களுக்கு ஒரு பொம்பளை கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்கா. அதுல என்ன கெட்டுப் போச்சு. மூடுன பேனாவத் தெறங்க.

இன்னொண்ணும் கேக்கணும். அஞ்சு மணிக்கு வெளிய இருட்டாத்தான் இருக்கும். பாதையில ஒரு பல்பு இருக்கு, அது எரிஞ்சா எரியும். அதனால இங்க, இந்த வட்டத்துக்கு நேரா மேல, ஒரு லைட்டப் போட்டா வெளிய போறவுகளுக்கு நான் நல்லாத் தெரிவேனா?

பளிச்சுன்னு தெரிவேனா. ஜவுளிக்கடையில பொம்மை வச்ச மாதிரி. அது போதும். உங்க ஆளையே அதையும் மாட்டச் சொல்லுங்க.

ஆனா என்ன?

உள்ள லைட்டு எரிஞ்சா, உள்ள இருக்கறவுகளுக்கு வெளிய தெரியாதா? ஒண்ணுமேவா? இருட்டுல கண்ணாடி அப்படித்தானா. நம்ம மூஞ்சிதான் நமக்குத் தெரியுமா. வெளிய யாரு நடக்கா, என்ன சேலை, தலையில எம்புட்டு பூவுன்னு எதுவும்?

மூஞ்சிய ஒட்டி வச்சுப் பாத்தாலுமா? இல்ல, ஒட்டி நின்னா எப்படி, நான் உக்காந்திருக்கணுமே.

செத்த நேரம் இருங்க.

அப்ப லைட்ட அமத்துனா நான் பொண்ணப் பாக்கலாம், அவ என்னப் பாக்க மாட்டா. லைட்டப் போட்டா அவ என்னப் பாப்பா, நான் அவளப் பாக்க முடியாது. ரெண்டு பேரும் பாத்துக்கிடற மாதிரிக் கண்ணாடி எதுவும் வரலையா? எம்புட்டு ஆனாலும் சரி. வெளிநாட்டுல இருந்து வாரது?

வெளியவும் அதே அளவு வெளிச்சம் வேணுமா. அங்க நான் எப்படித் தம்பி லைட்டுப் போட முடியும்.

சரி. லைட்டுப் போட்டே இருக்கட்டும். நான் அவளப் பாக்காட்டா என்ன. பெத்தப்பவே பாத்தாச்சு.

ஆமா, நான் பெத்ததுதான். நீங்க ஏன் எந்திரிக்கீக, உக்காருங்க. மூணு வயசு அதுக்கு, அவுக அப்பா சாகறப்ப. பொட்டப்பிள்ளை, தாலியறுத்தவ மூஞ்சியில தெனம் முழிச்சு வளந்தா அதுக்கு நாளைக்கு ஒரு வாழ்க்கை அமையுமான்னு மாரீஸ்வரி கேட்டா. அவளுக்கும் பிள்ளை இல்ல. நான்தான் தூக்கிக் குடுத்தேன், என் கையால, அந்தப் பலகைக் கதவு வழியா. பிடுங்கிட்டுப் போனான்னு சொல்ல மாட்டேன். ஆறு மாசத்துல அவள அம்மான்னு கூப்புட்டுச்சு. என்னப் பெரியம்மான்னு. மொறை அதுதான, கொழுந்தன் பிள்ளைக்கு நான் பெரியம்மாதான.

போன வெள்ளிக்கெழமை வந்துச்சு. உள்ள வரல, அந்த நிலைப்படிக்கு வெளியவே நின்னுச்சு. கையெல்லாம் மருதாணி வச்சுப் பழகிப் பாத்துருக்கு போல, செவசெவன்னு இருந்துச்சு. தரையப் பாத்துக்கிட்டே சொல்லுது. பெரியம்மா, இருவத்தஞ்சாந் தேதி காரு கெளம்புற வரைக்கும் இந்தக் கதவ அடச்சே வச்சுக்கிடுங்க. அம்மா சொல்லிவிடல, நானாத்தான் வந்து கேக்கேன்னு.

சரித்தான்னேன். இருபத்தோரு வருசத்துல என்கிட்ட அது வாயத் தொறந்து கேட்ட ஒரே விசயம். மாட்டேன்னு சொல்லுவேனா. அடச்சுத்தான் வைப்பேன் தம்பி. மூணு பலகையையும் இழுத்து, உள்பக்கம் பூட்டிட்டுத்தான் உக்காருவேன்.

அதனால பூட்டு நல்லதாப் போடுங்க. லைட்டு வெள்ளையா இருக்கட்டும். மஞ்ச வெளிச்சத்துல எந்த மூஞ்சியும் நல்லாத்தான் தெரியும்.